படலையடியில் மரக்கறி விற்றால் அது வியாபாரமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு சாச்சி இருக்கிறா. வளவுக்குள் ஏழெட்டு முருங்கை, இரண்டு பாத்தி பயற்றை, கத்தரி, பப்பாசி. காலையில் பறித்து, கட்டுக் கட்டாகக் கட்டி, படலையடியில் ஒரு வாங்கில் வைப்பா. லுஹருக்கு முதலே முடிந்துவிடும். போன மாதம் சபையிலிருந்து வந்த ஒருவர், இது குடியிருப்புப் பகுதி, வியாபாரம் செய்வதென்றால் வரி கட்ட வேண்டும், காணிப் பாவனை மாற்றவும் கட்டணம் உண்டு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "மகன், நீங்க படிப்பிக்கிற ஆள். நான் என்ன கடையா போட்டிருக்கன்?" என்று கேட்டா. அதற்காகத்தான் வர்த்தமானிகளைத் தேடி வாசித்தேன்.

முதலில் விளங்க வேண்டியது, அந்த மனுசர் இரண்டு வேறு விசயங்களை ஒன்றாகக் கலந்துவிட்டார். வரி வேறு, காணிப் பாவனை வேறு.

வியாபார வரி 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 152ஆம் பிரிவில் வருகிறது. நான் வாசித்த சபை அறிவித்தல்களில் எல்லாம் ஒரே ஏணிதான். போன வருட வருமானம் 6,000 ரூபாவுக்கு மேற்படாவிட்டால் வரி இல்லை. 12,000 வரை 90 ரூபா. அப்படியே ஏறி, 150,000 ரூபாவைத் தாண்டினால் 3,000 ரூபா. அதற்கு மேலே படியே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வருடத்துக்கு 150,000 என்றால் ஒரு நாளைக்கு 411 ரூபா. இன்றைய விலையில் சில கட்டு முருங்கைக்காய். அந்தக் காலத்துக் காசுக்குப் போட்ட ஏணி அது. இலட்சத்தைத் தாண்டியவன் அப்போது பெரிய முதலாளி. இப்போது வாங்கு வைத்து விற்கிறவவும் உச்சிப் படியில்தான் நிற்கிறா. கோடிக்கணக்கில் புரளுகிற ஒருவர் இதே பிரிவுக்குள் வந்தாலும் அதே 3,000தான். வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சபைக்கும் குப்பை அள்ள, வீதி விளக்குப் போடக் காசு வேண்டும். ஆனால் ஏழைக்கு விலக்குக் கொடுக்க வைத்த கீழ்ப் படிகள் இன்று யாருக்கும் எட்டாத ஆழத்தில் கிடக்கின்றன.

அடுத்தது காணி. வலயம், பாவனை மாற்றம் என்பதெல்லாம் 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தோடு வருவது. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்த இடத்துக்குத்தான் அது பொருந்தும். சாச்சியின் காணியோ 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணி. வன்னியில் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அதுதானே. அந்தச் சட்டமே காணியில்லாத குடியானவனுக்கு நிலம் கொடுத்து, குடியிருந்து பயிர் செய்ய வைக்க வந்தது. பயிர் செய் என்று கொடுத்த வளவில் காய்த்ததை விற்றால் பாவனை எப்படி மாறும்?

1990 ஒக்டோபரில் உடுத்த உடுப்போடு வெளியேறி, புத்தளத்தில் அடுத்தவர் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்று, திரும்பி வந்து காடு வெட்டித் துப்புரவாக்கிய ஆட்கள் இவர்கள். சொந்த வளவில் விளைந்ததை விற்பது அவர்களுக்கு வருமானம் மட்டும் இல்லை.

"சந்தைக்குக் கொண்டுபோகலாமே" என்பார்கள். கொண்டுபோகட்டும், ஓட்டோக் காசுக்குப் பிறகு மிஞ்சுவது என்ன? வடக்கின் பல சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று பிடிக்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. நிறுத்தச் சொல்லிக் கூட்டங்களில் பேசிப் பேசியே களைத்துவிட்டார்கள். தரம் 8க்குச் சதவீதம் படிப்பிக்கும்போது "100 கிலோ விற்றால் எத்தனை கிலோவுக்குக் காசு?" என்று கேட்டேன். ஒரு பிள்ளை யோசிக்காமல் "90 சேர்" என்றான். வாப்பா தோட்டக்காரர். வவுனியா பொருளாதார மத்திய நிலையத்தின் கதை தெரியும்தானே. 2016இல் ஓமந்தையா தாண்டிக்குளமா என்று பெரியவர்கள் சண்டை பிடித்து, கடைசியில் மதவுவைத்தகுளத்தில் கட்டி, கட்டின பிறகும் வருடக்கணக்கில் பூட்டியே கிடந்தது. அதுவரைக்கும் முருங்கைக்காய் மரத்தில் காத்திருக்குமா?

மற்றப் பக்கமும் இருக்கிறது. வாடகையும் கட்டி அனுமதிக் கட்டணமும் கட்டிக் கடை வைத்திருக்கிற காக்காமார் "எங்களுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்பது நியாயம். தம்புள்ளையிலிருந்து லொறியில் இறக்கி, "வீட்டுத் தோட்டம்" என்று பலகை போட்டு ஒழுங்கையை அடைக்கிறவரும் இருக்கிறார். அது கடைதான், அவரிடம் அறவிடுங்கள். தராசு வைத்திருந்தால் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். (சாச்சியிடம் தராசே இல்லை. கட்டுத்தான் கணக்கு.)

என்னைக் கேட்டால் கோடு போடுவது கஷ்டமில்லை. தன் வளவில் விளைந்தது, வீட்டு ஆட்களே விற்பது, வீதியை மறிக்காதது. இந்த மூன்றும் இருந்தால் கட்டணம் இல்லை என்று சபை ஒரு தீர்மானம் எடுக்கலாம். ஏணியை மாற்றுவது கொழும்பு வரைக்கும் போகிற வேலை, அதற்கு நாளாகும்.

2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளில் நாம் தெரிந்த ஆட்களே இருக்கவில்லை. செயலாளர்கள்தான் நடத்தினார்கள். 2025 மே 6 வாக்களித்த பிறகு இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள், நம் ஒழுங்கைக்குள்ளேயே திரிகிறார்கள். வருடக் கடைசியில் பாதீட்டு வரைபைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். அதற்கு முதல் இந்தக் கோரிக்கை கையில் கிடைக்க வேண்டும். கடிதத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன். வளவில் மரக்கறி விற்கிறவர்கள் இஷாவுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள். அனுமதிப்பத்திரத்தின் போட்டோப் பிரதி ஒன்றையும் கொண்டு வாருங்கள்.