மனப்பாடமான முடக்குகள்

லபுக்கலையிலிருந்து இறம்பொடைக்கு இறங்கும் வாகனங்களைப் பூக்கட்டோடு துரத்தும் பையன்களை, நுவரெலியா போய்வந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு முடக்கில் பூவை நீட்டுவான். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு வான் இறங்கிவிடும். அடுத்த முடக்கில் அதே பையன், அதே பூ, கொஞ்சம் மேல்மூச்சு. வான் வீதியோடு சுற்றி வருவதற்குள் அவன் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நேராகக் கீழே ஓடிவந்திருப்பான். மூன்றாவது முடக்கிலும் அவனே நிற்பதைப் பார்த்து, வெட்கத்துக்காவது யாராவது பர்ஸைத் திறப்பார்கள். ஒரு பையனின் கால் ஒரு வானை முந்திவிடும் வீதி இது. இங்கே அவசரப்பட்டு எவ்வளவு நேரத்தை மிச்சம் பிடிக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு அவனே பதில்.

அவன் நிற்கிற இடத்தையும் கவனிக்க வேண்டும். முடக்கு திரும்பி முடியும் இடத்தில், சாரதியின் கண்ணுக்குக் கடைசியாகப் படும் மூலையில்தான் பெரும்பாலும் நிற்பான். அவன் மட்டுமல்ல. லீக்ஸும் கரட்டும் அடுக்கிய மரக்கறிக் கடைக்கு முன்னால் அரைவாசி வீதியை அடைத்துக்கொண்டு ஒரு கார் நிற்கும். தோட்டத்துப் பாதையிலிருந்து கொழுந்து லொறி மூக்கை நீட்டும். பாடசாலை விட்ட பிள்ளைகள் மூன்று பேராகக் கைகோத்து நடப்பார்கள். மழைக்காலமென்றால் மேட்டிலிருந்து ஒரு கல் இறங்கிவந்து நடுவீதியில் உட்கார்ந்திருக்கும்.

மலையகத்தில் ஒரு சாரதியைப் புகழ வேண்டுமென்றால், “கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவான்” என்பார்கள். பேராதனையிலிருந்து பதுளை வழியாகச் செங்கலடி வரை போகும் ஏ5 வீதியின் இந்தத் துண்டை, ஒவ்வொரு மதகும் ஒவ்வொரு மைல்கல்லும் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பாராட்டில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முடக்கு எவ்வளவு வளையும் என்பது மனப்பாடத்துக்குத் தெரியும். முடக்குக்கு அந்தப் பக்கம் இன்றைக்கு என்ன நிற்கிறது என்பது தெரியாது.

பாதுகாப்பான வேகம் எது என்ற கேள்விக்குப் பலகையில் எழுதிய எண்ணைக் காட்டுவது வழக்கம். ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே கார்களுக்கு 70. இறம்பொடை முடக்குகளில் அந்த எண்ணால் பெரிய பிரயோசனமில்லை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடியுமா?

கணக்கு எளிது. ஆபத்தைக் கண்டு, புரிந்து, காலை எடுத்து பிரேக்கில் வைக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் வண்டி கொஞ்சமும் வேகம் குறையாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். மணிக்கு 40 கிலோமீற்றரில் போனால் அதற்கே ஏறக்குறைய 17 மீற்றர் போய்விடும். பிறகுதான் பிரேக். காய்ந்த சமதரையில் இன்னும் 9 மீற்றரில் கார் நிற்கலாம். மழையில் நனைந்த தாரில், 100 மீற்றருக்கு 8 மீற்றர் இறங்கும் சரிவில், அந்த 9 ஏறக்குறைய 20 ஆகிவிடும். மொத்தம் 36 அல்லது 37 மீற்றர். அதே ஈரச் சரிவில் 60இல் வந்தால் 69 மீற்றர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ இரண்டேகால் மடங்காகிவிட்டது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் முடக்கில் 25 மீற்றருக்கு மேல் பார்வை கிடைக்காத இடங்கள் உண்டு. அந்த இடத்தில் மழை நாளில் 30க்கு மேல் போகிறவர், எதிரே எதுவும் இருக்காது என்று பந்தயம் கட்டுகிறார்.

தோட்டத்துப் பாதைகளுக்கு இன்னும் கடுமையான கணக்கு. இரண்டு வாகனம் விலக இடமில்லாத பாதையில் எதிரே வருபவனுக்கும் நிற்கத் தூரம் வேண்டும். ஆகவே தெரிகிற தூரத்தில் பாதிதான் நம்முடையது. 25 மீற்றர் தெரிந்தால் பன்னிரண்டரை மீற்றருக்குள் நிற்க வேண்டும். அதற்கு வேகம் 20க்குக் கீழே இருக்க வேண்டும். அவ்வளவு மெதுவாகவா என்று கேட்பவர்கள், ஒருமுறை அந்தப் பாதையில் கொழுந்து லொறியை எதிரே சந்தித்துப் பார்க்கட்டும்.

முடக்கு எவ்வளவு இறுகும் என்று முன்கூட்டியே அறிய ஒரு வழி இருக்கிறது. பிரித்தானியப் பொலிஸ் சாரதிகளுக்கான ‘ரோட்கிராஃப்ட்’ கையேடு அதை விரிவாகச் சொல்லிக்கொடுக்கிறது. வீதியின் இடது ஓரமும் வலது ஓரமும் கண்ணுக்கு ஒன்றுசேர்வது போலத் தெரியும் புள்ளியைப் பார்க்க வேண்டும். அந்தப் புள்ளி நம்மை நோக்கி நெருங்கி வந்தால் முடக்கு இறுகுகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும். விலகிப் போனால் வீதி திறக்கிறது. நம்மோடு சமமாக நகர்ந்தால் இருக்கிற வேகம் போதும். மனப்பாடம் உள்ளவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். கண் வீதியின் மேல் இருப்பதற்கு இதைவிட நல்ல சாக்கு இல்லை.

ஆனால் கண்ணையும் முழுதாக நம்ப முடியாது. பிற்பகலில் லபுக்கலைப் பக்கமிருந்து பனி இறங்கி வீதியை மூடும்போது இது விளங்கும். 1998இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வில், மாதிரி வாகனத்தில் உட்கார்ந்தவர்கள் திரையில் பனி அடர்ந்தபோது தாங்கள் மெதுவாகப் போவதாக எண்ணி வேகத்தைக் கூட்டினார்கள். 2012இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் ‘ஈலைஃப்’ இதழில் அதற்கு நேர்மாறாக எழுதினார்கள்: உண்மையான பனியில் கிட்டத்துப் பொருள் தெளிவாகவும் தூரத்துப் பொருள் மங்கலாகவும் இருப்பதால், மனிதர் வேகத்தைக் கூடுதலாக எண்ணி மெதுவாக ஓட்டுகிறார்கள் என்று. இரண்டு ஆய்விலும் பொதுவானது ஒன்று: பனிக்குள் நாம் உணரும் வேகமும் உண்மை வேகமும் ஒன்றல்ல. மானியை ஒரு தடவை குனிந்து பார்ப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. இறம்பொடைச் சுரங்கப்பாதைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 225 மீற்றர் நீளம்; 40இல் போனால் 20 வினாடிக் கதை. ஆனால் நல்ல வெயிலிலிருந்து உள்ளே நுழையும்போது முதல் சில வினாடி கண் இருட்டுக்குப் பழகாது.

2025 மே 11, வெசாக்குக்கு முதல் நாள், ஞாயிறு விடியற்காலை. கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போய்க்கொண்டிருந்த இ.போ.ச பஸ் இறம்பொடை கெரண்டியெல்லவில் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்தது. 23 பேர் இறந்தார்கள். பஸ்ஸில் 70க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த விபத்துக்குத் தீர்ப்பு எழுதுவது இங்கே நோக்கமில்லை. இரவு முழுக்க ஓடி விடியற்காலையில் மலையிறங்கும் எந்தச் சாரதிக்கும் பொருந்தும் ஒரு கணக்கை மட்டும் சொல்லலாம். மேலே சொன்ன ஒன்றரை வினாடி, விழித்திருக்கும் மனிதனுக்கானது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது அது இரண்டரை ஆனால், 40இல் போகும் வண்டி இன்னொரு 11 மீற்றர் ஓடிவிடும். கெரண்டியெல்ல போன்ற இடத்தில் வீதி ஓரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே 11 மீற்றர் கிடையாது.

அதே ஆண்டு செப்டெம்பர் 4 இரவு எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். அதற்கு முன், 2023 ஜனவரி 20 அன்று, நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் சுற்றுலா வந்த கொழும்புப் பாடசாலை மாணவர்களின் பஸ் ஒரு வானோடும் ஓட்டோவோடும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் பஸ்ஸில் இருந்தவர்களல்ல, எதிரே வந்தவர்கள். நிறுத்த முடியாத வண்டியின் கணக்கை அடுத்தவன் கட்ட வேண்டிவரும்.

மலை விபத்துச் செய்திகளில் “பிரேக் பெயில்” என்ற சொல் அடிக்கடி வரும். ஏதோ திடீரென்று விதி வந்து கம்பியை அறுத்ததுபோல. பெரும்பாலும் பிரேக் திடீரென்று போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறித்தான் போகிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர், இறம்பொடை நீர்வீழ்ச்சி 945 மீற்றர். ஆட்களோடு 14 தொன் எடையுள்ள பஸ் ஒன்று அந்த 900 மீற்றர் இறங்கும்போது வெளிவரும் சக்தி, குளிர்ந்த நீர் 370 லீற்றரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும். கியரை உயரத்தில் வைத்துக்கொண்டு காலை பிரேக்கிலேயே ஊன்றியிருந்தால் முழுச் சூடும் டிரம்முக்குப் போகும். சூடேறிய லைனிங் பிடிக்காது. சின்ன வாகனங்களில் பிரேக் எண்ணெய்க்கு இன்னொரு வியாதி உண்டு: அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140. எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். வருடக்கணக்காக எண்ணெய் மாற்றாத வானில் நுவரெலியா ஏறுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

பழைய லொறிச் சாரதிகளின் விதி, ஏறின கியரிலேயே இறங்கு என்பது. அதற்கு இன்றும் மாற்று இல்லை. ஒட்டோமெட்டிக் வாங்கியவர்கள்தான் அதை மறந்துவிட்டார்கள். ‘டி’யில் போட்டுவிட்டுக் கீழே வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார்கள். அக்வா, பிரியஸ் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் கியர் தண்டில் இருக்கும் ‘B’ எழுத்தைத் தொட்டிருக்கிறார்கள்? அது இந்த வீதிக்காகவே வைத்த எழுத்து. எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்களைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கெரண்டியெல்லவுக்குப் பிறகு பஸ் சாரதிகளுக்கு இருக்கைப் பட்டியைக் கட்டாயமாக்கினார்கள். நல்லது, தேவையானது. ஆனால் பட்டி விழுந்த பிறகு காப்பாற்றும் பொருள். விழாமல் இருப்பதற்கு இரண்டாவது சாரதி, ஆசனத்துக்கு மேல் ஆளேற்றாத நடத்துனர், பிரேக் சோதித்த டிப்போ, முடக்கின் உட்பக்கம் பார்வையை மறைக்கும் புதரை வெட்டும் வீதிப் பணியாளர் வேண்டும். இவற்றில் கடைசியானது மிக மலிவானது. ஒரு கத்தியும் அரை நாள் கூலியும் சில முடக்குகளில் பத்து மீற்றர் பார்வையைக் கூட்டித் தரும்.

பயணிகளுக்கும் வேலை இருக்கிறது. முன்னால் போகும் வாகனம் ஒரு மைல்கல்லைக் கடந்ததும் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்: ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு. அதற்குள் நமது வாகனமும் அந்தக் கல்லைத் தாண்டிவிட்டால் இடைவெளி போதாது. மழையென்றால் நாலு வரை எண்ண வேண்டும். போதாதபோது வாய்விட்டுச் சொல்லுங்கள், சாரதி அண்ணன் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. இறங்கும்போது கருகின வாசம் வந்தால் ஒதுக்குப்புறமாக நிறுத்தச் சொல்லி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, சூடு தானாகத் தணிந்தபின் கிளம்புங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள், அதில் வெடிப்பு விழலாம்.