முயல் படம்

2007-ம் வருடம், ஆகஸ்ட் மாதக் கடைசி. மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் அமெரிக்கா போயிருந்தோம். அங்கே ஆறு மாதம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மனைவிக்குச் சமையலறை, பேரன் என்று பொழுது போய்விடும். நமக்குத்தான் ஒரு வேலையும் இருக்காது. எனக்குத் துணை ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர். தலையணை கனம் இருக்கும். அதில் நான் முதலில் உருவுவது வண்ணத்தில் வரும் காமிக்ஸ் பக்கங்களை. கன்னித்தீவு படித்து வளர்ந்தவனுக்கு அந்தப் பழக்கம் எங்கே போகும்?

அதில் 'ஓபஸ்' என்று ஒரு தொடர், ஞாயிறு மட்டும் வரும். பெர்க்லி பிரெத்தெட் என்பவர் வரைந்தது. பெரிய மூக்குப் பென்குவின்தான் கதாநாயகன். 26-ம் தேதி ஞாயிறு பக்கத்தைப் பிரித்தால் பென்குவினைக் காணோம். அந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது. ஏன் இல்லை என்று ஒரு வரி அறிவிப்பு? அதுவும் இல்லை.

நாலைந்து நாள் கழித்து மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் இருந்து கூப்பிட்டார். "மாமா, உங்க பென்குவின் கிடைச்சாச்சு." இணையத்தில் அந்தப் படம் இருந்தது. தொடரில் லோலா என்று ஒரு பெண், ஆன்மிகத்தில் அவ்வப்போது ஒன்றைப் பிடித்துக்கொள்பவள். இந்த முறை தலையில் துணி சுற்றிக்கொண்டு, தீவிர இஸ்லாத்துக்கு மாறிவிட்டதாகச் சொல்கிறாள். காதலன் விழிக்கிறான். நான் பார்த்தவரையில், நையாண்டி அவர்கள் இருவர் மேல்தான். சுமார் 25 பத்திரிகைகள் அதைப் போடவில்லையாம். தொடரை விநியோகித்த நிறுவனமே வாஷிங்டன் போஸ்ட்டைச் சேர்ந்தது. அந்தப் போஸ்ட்டும் அச்சில் போடவில்லை. மகள் இருந்த ஊர்ப் பேப்பரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது.

எனக்கு உறுத்தியது, அதற்கு முந்தின வாரப் படம். அதில் கிண்டலுக்கு ஆளானவர் ஜெர்ரி ஃபால்வெல் என்ற பாதிரியார். மூன்று மாதம் முன்புதான் இறந்திருந்தார். சாதாரண ஆள் இல்லை. 1960-ல் கென்னடி தேர்தலில் நின்றபோது, தான் போப்பாண்டவர் சொல் கேட்டு ஆட்சி நடத்தப்போவதில்லை என்று ஹூஸ்டன் நகரில் பாதிரிமார்கள் முன்னால் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இருபதே வருடத்தில் நிலைமை தலைகீழ். 1979-ல் ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, மறு வருடமே ரீகனுக்காக ஓட்டுத் திரட்டினார். அவரைக் கிண்டல் செய்த படத்தை எந்த ஆசிரியரும் எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது என்பேன். ஆனால் மறு வாரம் மட்டும் ஏன் கை நடுங்கியது? டென்மார்க் கார்ட்டூன் கலவரம் நடந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பயம். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் கடை வைத்து, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து வாழ்ந்த முஸ்லிம்கள் யாரையாவது, "இது உங்களைப் புண்படுத்துகிறதா?" என்று கேட்டிருப்பார்களா? சந்தேகம்தான்.

எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 'பி.சி.' தொடரை வரைந்த ஜானி ஹார்ட், 2001 ஈஸ்டர் அன்று யூதர்களின் ஏழு கிளை விளக்கு ஒவ்வொன்றாக அணைந்து கடைசியில் சிலுவையாக மாறுவதாக வரைந்தார். யூதர்கள் கொதித்துப்போனார்கள். நான் ஆசிரியராக இருந்தால் போட்டிருப்பேனா? இன்றுவரை எனக்கு முடிவுக்கு வர முடியவில்லை. எடுத்திருந்தால், எடுத்தேன் என்று சொல்லியாவது இருப்பேன்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தவர் 'போகோ' தொடரை வரைந்த வால்ட் கெல்லி. அரசியல்வாதிகளை மிருகமாக வரைந்து வாங்கு வாங்கு என்று வாங்குவார். ஐம்பதுகளில் செனட்டர் மெக்கார்த்தியின் முகத்தை ஒரு காட்டுப்பூனைக்கு வைத்தார். அந்த முகம் இன்னொரு தரம் வந்தால் தொடரை நிறுத்திவிடுவோம் என்று பிராவிடன்ஸ் நகரப் பத்திரிகை ஒன்று மிரட்டியது. கெல்லி பூனையின் தலையில் ஒரு பையை மாட்டிவிட்டார்! பின்னாளில், அரசியல் என்றால் அலறும் ஆசிரியர்களுக்காகவே புசுபுசு முயல்கள் விளையாடும் படத்தைத் தனியாக வரைந்து அனுப்புவாராம். உங்கள் பேப்பரில் முயல் வந்தால், யோசிக்கத் தெரியாதவர் என்று உங்கள் ஆசிரியர் உங்களை நினைக்கிறார் என்று அர்த்தம் என வாசகர்களிடமே சொல்லியும் வைத்தார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நானும் ஒரு தடவை முயல் போட்டிருக்கிறேன்.

1993 தொடக்கம். எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தின் ஆண்டு மலர் என் பொறுப்பில் இருந்தது. எங்கள் பிரிவு டைப்பிஸ்ட் ஒரு முஸ்லிம் நண்பர், நன்றாகப் படம் போடுவார். நான்கு கட்டத்தில் ஒரு படம் கொடுத்தார். ஒரு வேட்பாளர். முதல் கட்டத்தில் நெற்றி நிறைய விபூதியுடன் கோயில் வாசலில் நிற்கிறார். இரண்டாவதில் தலையில் குல்லாவுடன் தர்காவில். மூன்றாவதில் கையில் மெழுகுவர்த்தியுடன் சர்ச்சில். நான்காவதில் ராத்திரி வீட்டுக்கு வந்து கதவைத் தட்ட, மனைவி எட்டிப் பார்த்து, "யாரு வேணும் உங்களுக்கு?" என்கிறாள்.

அயோத்தி நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. யார் என்ன சொல்வார்களோ என்று எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குறுக்கெழுத்துப் போட்டியைப் போட்டேன். அவர் மனம் நோகக்கூடாது என்றுதான் செய்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலர் வந்த அன்று அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அச்சு நல்லா வந்திருக்கு சார்" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருடம் படம் கேட்டேன். "இப்பல்லாம் கை வரலை சார்." அதற்கப்புறம் நானும் கேட்கவில்லை.

அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் அவருக்கு ஃபோன் செய்தேன். பென்குவின் கதை, முயல் கதை எல்லாம் சொல்லி, அந்தக் குறுக்கெழுத்துக்கும் வந்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அதை விடுங்க சார்," என்றார். "பேரன் எப்படி இருக்கான்?"