தென்கரையிலிருந்து வடகரைக்கு

மன்னார்த் தீவுக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்கு விரிகுடா. வைகாசி மாதத்தில் சோளகக் காற்று பலத்துவிட்டால் தென்கரையில் அலை உயர்ந்துவிடும். அப்போது பலர் தம் படகுகளை வடகரைக்கு மாற்றுகிறார்கள். வாடைக் காலம் வந்ததும் திரும்பவும் தெற்கு. கடல் வழியே போவதானால் தலைமன்னார் முனையைச் சுற்றவேண்டும், எண்ணெய்ச் செலவும் அதிகம். தரை வழியே சில கிலோமீற்றர்தான். ஆகவே படகு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் பயணம் செய்கிறது.

பெண்தலைமைக் குடும்பங்களைச் சந்திப்பது என் தொழில். பேசாலைக்குத் தெற்கே மணல் பாதையால் போய் இந்தப் பயணத்தைப் பார்த்ததும் அவ்வழியில்தான். நான் தேடிப்போன அக்காவின் கணவர் 2007இல் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அக்கா கடன் எடுத்துப் பழைய பைபர் படகொன்று வாங்கி, கூலிக்கு ஆள் வைத்துத் தொழில் நடத்துகிறார். 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகு கரையிலேயே கிடந்தது. அவ்வருடம் ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அன்று நின்றுபோன தவணைகளை அவர் இன்னமும் கட்டி முடிக்கவில்லை. படகு வெடித்தால் கடன் மட்டும் மிஞ்சும்.

விடியற்காலையில் காற்று சற்றுத் தணிந்திருக்கும். அதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஐந்தரைக்கே இயந்திரத்தைக் கழற்றி, கம்பில் கட்டி, இருவர் தூக்கிப்போனார்கள். வலையும் ஐஸ் பெட்டியும் இறங்கின. அடியிலுள்ள அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடியவிட்டார்கள். ஆனால் உழவு இயந்திரம் வேறொரு படகோடு போயிருந்தது. அது வந்து சேரும்போது ஏழு மணி தாண்டிவிட்டது. தென்கரையில் 2020இன் கடைசியில் இயங்கத் தொடங்கிய முப்பது காற்றாலைகளில் தூரத்தே தெரிந்தவை எல்லாம் சுழன்றுகொண்டிருந்தன. மணல் முகத்தில் அடித்தது.

வெறும் படகு பாரம் குறைந்தது, தூக்கச் சுகம் என்றே நானும் எண்ணியிருந்தேன். காற்றுக்கு அதுதான் வசதி. அணியம் உயர்ந்தவுடன் காற்று அடியில் புகுந்து படகைத் திருப்பிவிடும். திரும்பிய படகு பெட்டியின் இரும்பு விளிம்பில் மோதினால் பைபர் பிளக்கும்.

சாரதி பெட்டியைக் கரையோடு ஒட்டி, நீளவாக்கில் நிறுத்தினார். ஈர மணலில் சில்லுப் புதையும் என்ற பயம் அவருக்கு. அப்படி ஏற்றினால் காற்று படகின் விலாவில் அடிக்கும்.

"தம்பி, பெட்டியின்ர வாலைக் கடலுக்குத் திருப்பு" என்றார் அக்கா.

"அக்கா, உங்களுக்கு உது விளங்காது."

"படகு என்ர. கடனும் என்ர. திருப்பு."

கூலிக்கு வந்த ஆண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. மண்வெட்டியை எடுத்துச் சில்லுகளுக்குக் குழி வெட்டத் தொடங்கினார். கரையோரப் பெண்களுக்குக் கடலறிவு இல்லை என்று பேசுபவர்களை நான் கூட்டங்களில் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரையாவது அன்று அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம்.

சாரதி முனகிக்கொண்டே திருப்பினார். சில்லுகள் குழியில் இறங்க, பெட்டி தாழ்ந்தது. அதன்மேல் பழைய ரயர்கள் போட்டார்கள். பனங்குற்றிகளை உருளையாக வைத்துப் படகைத் தள்ள, அணியம் ரயரில் ஏறியது. காற்று இப்போது பின்னாலிருந்து தள்ளியது. பின்பக்கத்தின் இரு மூலையிலும் கயிறு கட்டி ஆட்கள் பிடித்திருந்தார்கள். ஒரு கயிற்றில் அக்காவும் அவருடைய மகளும். ஒருமுறை படகு இடப்பக்கம் இழுபட்டது. மகள் குதியை மணலில் ஊன்றிச் சாய்ந்து நின்றாள். நானும் ஓடிப்போய் அவள் பின்னால் பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது. படகு நேராகியது.

ஏறியதும் ஈர வலையை மறுபடி படகின் அடியில் போட்டார்கள், பாரத்துக்காக. விளிம்பில் சாக்கு மடித்து வைத்து, அதன்மேல் கயிற்றைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்கினார்கள். பெட்டிக்கு வெளியே நீண்டிருந்த பின்பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி. பாதை முழுவதும் உழவு இயந்திரம் ஆள் நடக்கும் வேகத்திலேயே போனது. பனங்கூடல் முடிந்த வெளியில் குறுக்குக் காற்று வந்தபோது இரண்டு பேர் கயிற்றைப் பிடித்தபடி காற்றுப்பக்கமாக நடந்தார்கள். வழியில் நின்ற கழுதைகள் அசையவேயில்லை.

வடகரைக்கு வந்தால் வேறு உலகம். தரை காற்றை மறைக்க, கரையோரத்துத் தண்ணீர் குளம்போலக் கிடந்தது. படகை இறக்கியதும் அக்கா குனிந்து அடிப்பக்கம் முழுவதையும் கையால் தடவிப் பார்த்தார். விரல் நீளத்தில் ஒரு கீறல், மேற்பூச்சில் மட்டும். அடைப்பைப் பூட்டச் சொன்னார்.

பிறகு சட்டைக்குள் வைத்திருந்த பையை எடுத்துச் சாரதிக்குக் கூலியில் பாதியைக் கொடுத்தார். மீதி, நண்டு விற்றபின் சனிக்கிழமை என்றார். அவர் காசை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டு, "அக்கா, அடுத்த படகும் வாலைக் கடலுக்குத் திருப்பித்தான் ஏத்தவேணும்போல" என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை முடுக்கினார்.