முன்றிலில் நின்ற வீடு

ஒரு வீட்டின் மின்சாரத்தை, அவ்வீட்டின் முன்றிலில் நிற்கும் இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது எப்படி? கேள்வி எளிதாகத் தோன்றுகிறது. முப்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்த எமக்கும் அது எளிதாகவே தோன்றிற்று. அந்த நம்பிக்கையினால் நாம் செய்த பிழையையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

2022ஆம் ஆண்டின் இறுதி மாதங்களை இங்கிலாந்தின் தென்கிழக்கிலுள்ள ஒரு சிறு நகரில், எமது சகோதரியின் மகன் வீட்டில் கழித்தோம். அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த இருளிலிருந்து சென்ற எமக்கு, ஆளியைத் தட்டியதும் விளக்கு எரிவதே ஒரு செல்வமாகப்பட்டது. ஆனால் அங்குள்ள மக்கள் ஆளியைத் தொடவே அஞ்சினார்கள். அரசாங்கம் தலையிட்டு விலைக்கு எல்லை வகுத்த பின்னரும், ஒக்டோபர் முதல் ஓர் அலகு மின்சாரத்தின் சராசரி விலை 34 பென்சாக இருந்தது. எமது நாட்டில் மின்சாரம் இல்லை. அங்கே மின்சாரம் இருந்தது, ஏழைக்கு அது எட்டவில்லை.

மருமகனின் வீட்டு முன்றிலில் ஒரு பழைய மோட்டார் வீடு நின்றது. வான் ஒன்றின் பின்புறத்தில் கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, கைகழுவும் தொட்டி ஆகியவற்றைப் பொருத்தி, விடுமுறை நாட்களில் கடற்கரைகளுக்கு ஓட்டிச் செல்வதற்காகச் செய்யப்படும் வாகனம் அது. இந்த வாகனத்திலோ எழுபது வயதைக் கடந்த ஓர் ஆங்கிலேயர் குடியிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. மருமகன் அந்நாட்டில் வந்திறங்கி, மொழியும் வழியும் தெரியாது நின்ற காலத்தில், அவனுக்குப் பஸ் ஓட்டப் பயிற்சி கொடுத்தவர் அவரே.

அவர் வாடகை வீட்டில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர். வாடகையில் ஒரு பென்சும் பாக்கியில்லை. ஆயினும் வீட்டுக்காரர் இரண்டு மாத முன்னறிவித்தல் கொடுத்து, காரணம் எதுவும் சொல்லாமலே அவரை வெளியேற்ற முடிந்தது. 1988ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதற்கு இடங்கொடுத்தது. (அப்பிரிவை ஒழிப்பதற்கான சட்டம் 2025இல் தான் நிறைவேறிற்று.) மனைவி உயிரோடிருந்த காலத்தில் இருவரும் சேர்ந்து வாங்கிய உல்லாச வாகனம் அவருக்கு வீடாயிற்று. தெருவோரங்களில் நிறுத்தித் துரத்தப்பட்டு அலைந்தவரை மருமகன் தன் முன்றிலுக்கு அழைத்து வந்தான்.

இடம் கிடைத்தது, குளிர் போகவில்லை. அவர் வைத்திருந்த சிலிண்டரில் இருந்தது பியூட்டேன் வாயு. பூச்சியம் பாகையளவில் அது ஆவியாக மறுத்துவிடும்; அடுப்பும் எரியாது, வெப்பமும் வராது. வாகனத்திலுள்ள 12 வோல்ற்று பற்றரியோ இரண்டு விளக்குகளை எரிக்கும்; ஒரு மனிதனைக் குளிரிலிருந்து காக்காது. ஆகவே, “வீட்டிலிருந்து ஒரு கம்பி இழுத்துக் கொடுப்போம் மாமா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்” என்றான் மருமகன். நாமும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்வந்தோம்.

அன்று நாம் ஆற்றிய விரிவுரையை நினைத்தால் இன்று கூச்சமாக இருக்கிறது. அந்நாட்டின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. சுவர்ச் செருகியின் உள்ளேயே 13 அம்பியர் உருகி ஒன்றுண்டு. இரண்டையும் பெருக்கினால் 2,990 வாற்று. அதாவது, ஒரு செருகியினால் ஏறத்தாழ 3 கிலோவாற்றுத்தான் கொண்டுசெல்ல முடியும். வீட்டிலுள்ள கேத்தல் ஒன்றே அவ்வளவையும் விழுங்கிவிடும். ஆகையால் பெரியவர் 900 வாற்றுக் கேத்தலும் 1,000 வாற்று வெப்பமாக்கியும் வைத்துக்கொள்ளலாம். பற்றரிக்கு மின்னேற்றும் கருவியையும் குளிர்ப்பெட்டியையும் சேர்த்தாலும் 10 அம்பியருக்குள் அடங்கும். அவரிடமிருந்த 2,000 வாற்று வெப்பமாக்கியை ஒதுக்கிவைக்கச் சொன்னோம். உருளையில் சுற்றிய வடத்தை முழுவதும் அவிழ்த்து விடவேண்டும். சுற்றியபடி விட்டால் வெப்பம் வெளியேற வழியின்றி வடம் உருகிவிடும் என்றும் எச்சரித்தோம். செம்மஞ்சள் நிற வடம் சாளரத்தின் வழியே இறங்கி, புல்லின் மேலாக ஓடி, வாகனத்தின் விலாவிலுள்ள நீலநிறக் குழியிற் பொருந்திற்று. உள்ளே விளக்கெரிந்தது. பெரியவர் எமது கையைப் பற்றிக் குலுக்கினார்.

பணக் கணக்கு எம்மைவிட மருமகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1,000 வாற்று வெப்பமாக்கி ஆறு மணி நேரம் எரிந்தால் 6 அலகு. 2 பவுண் 4 பென்சு. மாதத்துக்கு அறுபது பவுணுக்கு மேல். இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்கடனும் உள்ள குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இரவில் குசினியிலிருந்து கணக்குப் பார்த்ததை நாம் கண்டோம். பெரியவரும் அதை உணர்ந்திருக்கவேண்டும். செருகியில் மாட்டும் சிறு மீற்றர் ஒன்றைத் தாமே வாங்கிவந்து, சனிக்கிழமை தோறும் எண்ணைக் குறித்து, சில்லறை பிசகாமல் காசைக் கடித உறையிலிட்டுக் கொடுத்தார். வாங்கக் கூசிய மருமகளிடம், “இதை வாங்காவிட்டால் நான் செருகியைக் கழற்றிவிடுவேன்” என்றார்.

டிசம்பர் 11ஆம் நாள் இரவு பனி பெய்தது. மறுநாட் காலையில் முன்றில் முழுவதும் வெண்மையாயிற்று. அந்த வாரம் முழுவதும் குளிர் இறுகி நின்றது. பின்னர் பனி உருகி மழை தொடங்கிய ஒரு நாளில், பெரியவர் தமது வாகனத்தின் கதவைத் திறக்கும்போது பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறைகளை அணிந்திருப்பதைக் கண்டோம். குளிருக்கென்றால் கம்பளிக் கையுறை இருக்க, இறப்பர் எதற்கு? கேட்டோம். முதலில் சிரித்து மழுப்பினார். வற்புறுத்தியபோது, நிலம் ஈரமாயிருக்கும் நாட்களில் கதவைத் தொட்டால் கையில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றார். எவ்வளவு நாளாக? ஐந்து வாரமாக. ஏன் சொல்லவில்லை?

“சொன்னால் கம்பியைக் கழற்றிவிடுவீர்கள் என்று பயந்தேன்” என்றார் அவர்.

அன்று பிற்பகலே மின்வினைஞர் ஒருவரை அழைத்தோம். அவர் வடத்தைப் பார்க்கவில்லை, உருகியைப் பார்க்கவில்லை. நேரே வீட்டுக்குள் மின்சாரம் நுழையும் இடத்துக்குச் சென்று பார்த்துவிட்டு, செருகியைக் கழற்றினார். பின்பு எமக்கு விளக்கினார். நாம் மாணவனாக நின்று கேட்டோம்.

அந்நாட்டின் பெருந்தொகையான வீடுகளுக்குத் தெருவிலிருந்து வரும் வடத்தில், நொதுமற் கம்பிக்கும் புவிக்கம்பிக்கும் தனித்தனிக் கடத்திகள் இல்லை. இரண்டும் ஒன்றாகவே வந்து, வீட்டு வாயிலிற் பிரிகின்றன. அதனால் வீட்டின் புவிக்கம்பியில் நிலத்தைவிடச் சில வோல்ற்று ஏறியிருக்கக்கூடும். தெருவிலே எங்காயினும் அப்பொதுக் கடத்தி அறுந்துபோனாலோ, புவிக்கம்பியோடு தொடுத்த உலோகமெல்லாம் உயிர்க்கம்பியின் தன்மையை அடைந்துவிடும். வீட்டுக்குள் இருப்பவருக்கு இதனால் பெரும் ஆபத்தில்லை. குழாய்கள் முதலிய உலோகப் பொருள்கள் யாவும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால் எல்லாம் ஒரே அழுத்தத்துக்கு ஏறுகின்றன. மின்கம்பியில் அமர்ந்த காகம்போல அவர் தப்பிவிடுகிறார். வெளியே நிற்பவரின் கதை வேறு. அவரது கால் ஈர மண்ணிலே. கை வாகனத்தின் உலோக உடலிலே. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் அவர் உடலின் வழியே இறங்கும். கசிவு கண்டால் துண்டிக்கும் ‘ட்ரிப் சுவிட்ச்’ கூட அவரைக் காக்காது. ஏனெனில் அது புவிக்கம்பியை அறுப்பதில்லை, ஆபத்து அந்தக் கம்பியின் வழியாகவே வருகிறது. இதனாலேயே, அவ்வாறு இணைந்துவரும் கடத்தியைக் கரவன்களின் உலோகப் பகுதிகளோடு மின்வழங்குவோர் தொடுக்கக்கூடாதென 2002ஆம் ஆண்டின் மின்பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அங்கே விலக்கியிருக்கின்றன. பெரியவரின் கையில் ஊர்ந்த எறும்பு அந்தச் சில வோல்ற்றுகளே. தெருவில் கடத்தி அறுந்திருந்தால் எறும்போடு நின்றிராது.

வீட்டுக்குள் இருப்பவரைக் காக்கும் அதே கம்பி, வாசலுக்கு வெளியே நிற்பவரைக் கொல்லக்கூடும்! முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் புவித்தொடுப்பின் படத்தை வரைந்த நாம் இதை எண்ணவில்லை. 13 அம்பியரை எண்ணினோம், வாற்றுகளைக் கூட்டினோம், 34 பென்சால் பெருக்கினோம். மனிதன் எங்கே நிற்கிறான் என்பதை மட்டும் கணக்கிற் சேர்க்கவில்லை.

பரிகாரம் பெரிதாக இருக்கவில்லை. மின்வினைஞர் முன்றிலின் ஓரத்தில் செப்பு மூடிய உருக்குக் கோலொன்றை மண்ணுள் ஆழ அறைந்தார். வாகனத்துக்குச் செல்லும் புவிக்கம்பியை வீட்டின் புவிக்கம்பியிலிருந்து பிரித்து, அக்கோலிற் பொருத்தினார். மண்ணின் தடை அதிகமாகையால் பிழை நேர்ந்தால் உருகி உருகுமென்று நம்பியிருக்க முடியாது; எனவே 30 மில்லியம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் சாதனமொன்றை அவ்விணைப்புக்கெனத் தனியே வைத்தார். வேலை முடிய இரண்டு நாள் சென்றது. அந்த இரண்டு இரவுகளும் பெரியவர் வீட்டுக்குள், முன்னறையின் நீள் நாற்காலியில் உறங்கினார். செலவின் பாதியைத் தவணை முறையில் அவரே செலுத்தினார்.

கருவி திருந்திற்று. அவருடைய அந்த ஒரு வாக்கியம் எம்மை விட்டு அகலவில்லை. சொன்னால் கம்பியைக் கழற்றிவிடுவீர்கள். நாம் கெட்டவர்களல்லர், மருமகன் நன்றி மறவாதவன், மருமகள் காசை வாங்கக் கூசியவள். ஆயினும் எம்மைக் கண்டு ஒரு முதியவர் தம் உயிராபத்தையே மறைத்தார். காரணம், அந்தக் கம்பி அவருக்கு எமது தயவினால் வந்தது. தொழிற்சங்கத்தில் நாற்பது ஆண்டுகள் அங்கத்தவராக இருந்தவர் அவர். பஸ்ஸின் தடுப்பில் குறையிருந்தால் அதை ஓட்ட மறுக்கும் உரிமை தமக்குண்டென்று அறிந்தவர். வேலைத்தலத்தில் முறையிட்ட அதே வாய், எமது முன்றிலில் மூடிக்கொண்டது. உரிமையாகப் பெற்றதிலே குறை கண்டால் மனிதன் முறையிடுவான். உபகாரமாகப் பெற்றதிலே குறை கண்டால் கையுறை வாங்கி அணிந்துகொள்வான்.

எமது ஊரிலும், மின்னிணைப்புப் பெற வசதியற்ற அயல் வீட்டுக்கு வேலிக்கு மேலாக ஒரு கம்பியை இழுத்து, பிள்ளைகள் படிக்க ஒரு விளக்குக் கொடுத்ததை நாம் அறிவோம். அதைக் கருணையென்று பாராட்டியும் இருக்கிறோம். அந்தக் கருணையை இழிவுபடுத்துவது எமது நோக்கமன்று. குளிரில் நடுங்குபவருக்குச் சட்டம் திருந்தும்வரை காத்திரு என்று சொல்ல முடியாது. ஆனால் கொடுத்த கம்பி எங்கே சுடுகிறது என்று பெற்றவர் அஞ்சாமற் சொல்லும் நிலை தோன்றாதவரை, கொடுத்தவரின் கடமை முடிந்துவிடவில்லை. அந்நிலையோ ஒரு முன்றிலில் தோன்றிவிடாது. காரணமின்றி ஒருவரை வீட்டைவிட்டு எழுப்ப முடியாதென்னும் சட்டமும், முதுமையிற் குடியிருக்கக் கட்டுப்படியான வாடகையில் ஒரு வீடும் வேண்டும்.

2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாம் நாடு திரும்பியபோது, பெரியவரின் பெயர் உள்ளூராட்சிச் சபையின் வீட்டுப் பட்டியலில் இன்னும் காத்திருந்தது. வாகனத்தின் கதவை வெறுங்கையாலே திறந்து வந்து எம்மை வழியனுப்பினார்.

இப்போதும் அயலிலுள்ள மாணவர் சிலர் பௌதிகம் கேட்க எம்மிடம் வருவதுண்டு. புவித்தொடுப்பின் படத்தை அவர்கள் பிழையின்றி வரைகிறார்கள். உயிர்க்கம்பி, நொதுமற் கம்பி, புவிக்கம்பி, உருகி எல்லாம் உரிய இடத்தில் இருக்கின்றன. நாம் படத்தைத் திருப்பிக் கொடுத்து, இதில் ஒரு மனிதனையும் வரையச் சொல்கிறோம். அனைவரும் அவனை வீட்டுக்குள்ளேயே வரைகிறார்கள்.