சிறைக்கூடம் விடுதியான தீவு

ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமை நீர்மேல் அமர்ந்த நகரம் என்றால் அது வெறும் புகழ்ச்சி அன்று. மேற்கே மேலரென் என்னும் பெரிய நன்னீர் ஏரி. கிழக்கே பால்டிக் கடல். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் 14 தீவுகளில் பரவிக் கிடக்கிறது அந்நகரம். குடிநீர் தரும் அதே ஏரியில், நகரின் நடுவிலேயே, கோடையில் பெரியவரும் சிறுவரும் அச்சமின்றி நீந்துவதைக் காண்பீர்கள்.

பழமைச் சிறப்புடைய விடுதி எதுவென்று அங்கே விசாரித்தால், முதலில் கிராண்ட் ஓட்டலைத்தான் காட்டுவார்கள். அரண்மனைக்கு எதிரே, நீர்க்கரையில் 1874ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மாளிகை அது. நோபல் பரிசு பெற வருவோர் தங்குமிடம். அதன் வாடகையைக் கேட்டால், வெளியே நின்று பார்ப்பதே போதும் என்று நமக்குத் தோன்றிவிடும். நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது வேறோர் இடத்திற்கு. மாளிகை திறக்கப்பட்ட அதே 1874இல் கட்டத் தொடங்கிய சிறைச்சாலைக்கு!

நகரின் தென்பகுதியான சோடெர்மால்மை ஒட்டி, ஏரிக்குள் நீண்டு கிடக்கும் சிறு தீவின் பெயர் லோங்ஹோல்மென். 'நீண்ட தீவு' என்பதே அதன் பொருள். 1724ஆம் ஆண்டு இங்கு 'நூற்பு இல்லம்' ஒன்று தொடங்கப்பட்டது. பெயரைக் கேட்டால் கைத்தொழிற் கூடம் போலத் தோன்றும். உண்மையில் அது பெண்களை அடைத்து வைத்து, நூல் நூற்க வைத்த சிறை. திருடியவர்கள் மட்டுமல்லர், வேலையும் வீடும் இன்றித் தெருவில் அலைந்த ஏழைப் பெண்களும் அங்கே கொண்டுவரப்பட்டனர். வறுமையே அவர்கள் செய்த குற்றம்.

பின்னர் 1874 முதல் 1880 வரை பெரிய மத்தியச் சிறை கட்டப்பட்டது. 500க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட அது, நாட்டிலேயே மிகப் பெரிய சிறையாக விளங்கியது. கைதியைத் தனியறையில் அடைத்தால் அவன் தன் குற்றத்தை எண்ணி மனம் திருந்துவான் என்பது அந்நூற்றாண்டின் நம்பிக்கை. பின்னாளில் மன்னரான இளவரசர் ஆஸ்கார், 1840இல் இதை வலியுறுத்தி ஒரு நூலே எழுதினார். கெட்ட எண்ணத்தோடு சொல்லப்பட்ட கருத்தன்று அது; பலரை ஒரே கொட்டடியில் அடைத்துச் சீரழித்த பழைய முறைக்கு மாற்றாகவே முன்வைக்கப்பட்டது. ஆயினும் மாதக்கணக்கில் மனித முகம் காணாதவன் திருந்துவானா, சித்தம் கலங்குவானா என்பதை அந்த அறைகளுள் ஒன்றில் ஒரு மணி நேரம் தனித்திருந்தாலே நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

1910ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், இச்சிறையின் முற்றத்தில் ஆல்ஃபிரட் ஆண்டர் என்பவனின் தலை துண்டிக்கப்பட்டது. கொள்ளையிடச் சென்ற இடத்தில் ஒரு பெண்ணைக் கொன்றவன் அவன். பிரான்சிலிருந்து வரவழைத்த கில்லட்டின் இயந்திரத்தை ஸ்வீடன் பயன்படுத்தியது அந்த ஒரே முறைதான். அதன்பின் அந்நாட்டில் எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை. 1921இல் அமைதிக்காலச் சட்டத்திலிருந்தே அது நீக்கப்பட்டது.

1975இல் சிறை மூடப்பட்டது. 1982இல் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினர். எஞ்சி நின்ற கட்டடம் 1989இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பாருங்கள். நடுவே கூரைவரை திறந்த கூடம். இருபுறமும் அடுக்கடுக்காக இரும்புக் கம்பித் தடுப்புகளுடன் நடைபாதைகள். வரிசையாகக் கனத்த கதவுகள். அறையோ மிகச் சிறியது. உயரத்தில் ஒரு சன்னல். கையை விரித்தால் சுவரைத் தொட்டுவிடும் அகலம். மெத்தையும் விளக்கும் இப்போது வந்திருக்கின்றன. சுவர் அதே சுவர்தான். பிள்ளைகுட்டிகளோடு செல்வோர் இரண்டு மூன்று 'சிறைகளை' எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்!

மனிதர் துன்புற்ற இடத்தில் காசு கொடுத்து உறங்குவது தகுமா என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனால் இங்கு பழையதை மறைத்துப் பூச்சு பூசவில்லை. சிறையின் கதையைச் சொல்லும் ஒரு சிறு அருங்காட்சியகத்தையும் விடுதிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். முழுவதும் இடித்துவிட்டு அடுக்குமாடிகளைக் கட்டியிருந்தால் அந்த நூற்புப் பெண்களை இன்று யார் நினைப்பார்? விருந்தினருக்கும் கைதிக்கும் உள்ள வேறுபாடு இங்கே ஒன்றே ஒன்று: சாவி யார் கையில் இருக்கிறது என்பது.

தொழுகை விரிப்பை விரிக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். நம் ஊரில் மேற்கு நோக்கியே பழகிய உடல் இது. ஸ்டாக்ஹோமிலிருந்து கிப்லா தென்கிழக்கில், தெற்கை ஒட்டினாற்போல் இருக்கிறது. அதைவிடப் பெரிய குழப்பம் நேரத்தில். ஜூன் மாதப் பிற்பகுதியில் சூரியன் மறைவது இரவு 10 மணிக்குப் பின். உதிப்பது அதிகாலை 3.30 அளவில். இடையே முழு இருள் வருவதேயில்லை. மேற்கின் வெளிச்சம் மறையுமுன் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். இஷாவின் வக்து எது, பஜ்ருடைய வக்து எது?

இது இன்று எழுந்த கேள்வியன்று. பக்தாதின் கலீஃபா முக்ததிர் 921இல் அனுப்பிய தூதுக்குழுவில் சென்ற இப்னு ஃபழ்லான், மறு ஆண்டு வோல்கா நதிக்கரையில் இதே நிலையைச் சந்தித்தார். இஷா பாங்கை எதிர்பார்த்துக் கூடாரத்தில் பேசிக்கொண்டிருந்தவர், பாங்கொலி கேட்டு வெளியே வந்தால் வானம் விடிந்திருந்தது! எதற்கு அழைத்தீர் என்று முஅத்தினிடம் கேட்க, பஜ்ருக்கு என்று பதில் வந்தது. இஷாவை மஃரிபுடன் சேர்த்தே தொழுதுவிடுகிறோம் என்றாராம் அவர். அந்த நதிக்கரையில் இப்னு ஃபழ்லான் கண்டெழுதிய 'ரூஸ்' வணிகர்கள் ஸ்வீடன் பகுதியிலிருந்து சென்றவர்களே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ஸ்வீடனுக்குரிய கோட்லாந்து தீவில் 1999இல் கிடைத்த புதையலில் 14,000க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை முஸ்லிம் ஆட்சிப் பகுதிகளின் திர்ஹம்கள்.

இப்போது குழம்ப வேண்டியதில்லை. உள்ளூர்ப் பள்ளிவாசலின் நேர அட்டவணையைப் பின்பற்றலாம். அப்பள்ளிவாசலும் சோடெர்மால்மிலேயே இருக்கிறது. அதுவும் ஒரு பழைய கட்டடந்தான். 1903இல் மின்நிலையமாகக் கட்டப்பட்டது. அதை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் பூபெர்க், ஸ்பெயினின் அந்தலூசியாவிலும் மொராக்கோவிலும் கண்ட முஸ்லிம் கட்டடக்கலையின் சாயலை அதில் சேர்த்திருந்தார். 2000ஆம் ஆண்டு அதுவே பள்ளிவாசலாயிற்று. விடுதியிலிருந்து நடந்தே சென்றுவிடலாம். சுரங்க ரயிலும் உண்டு.

உணவில் கவனம் தேவை. காலைச் சிற்றுண்டியில் பன்றியிறைச்சித் துண்டுகளும் இருக்கும். அவர்கள் மொழியில் 'கிரீஸ்' என்றால் பன்றி. இந்த ஒரு சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீன், முட்டை, பாலாடைக்கட்டி, மொறுமொறுப்பான ரொட்டி ஆகியவற்றுக்குக் குறைவில்லை.

புறப்படுமுன் தீவைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். 1935இல் திறக்கப்பட்ட வெஸ்டர்ப்ரூன் பாலம் தலைக்குமேல் வளைந்து செல்லும். கீழே குளிக்கும் கரையில் குழந்தைகளின் கூச்சல். எங்கும் அடர்ந்த மரங்களும் புல்லும். இத்தீவு ஒரு காலத்தில் புல் முளைக்காத வெறும் பாறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், சுற்றியுள்ள நீரின் அடியிலிருந்து எடுத்த சேற்றைக் கைதிகளைக் கொண்டு பாறைமீது பரப்பினார்கள். நீங்கள் இளைப்பாறும் நிழல் அந்த மண்ணில் வளர்ந்தது.