கோட்டைத் தாண்டிய பிறகு

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா என்றால் கபடிப் போட்டியும் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல், செம்மண் தரையில் தண்ணீர் தெளித்துக் கோடு போட்டிருப்பார்கள். விசில் ஊதுகிற நடுவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர்கள். "அண்ணன் பாடப் போனா ஆளத் தொடாமத் திரும்பாது" என்று மைக்கில் அறிமுகம் செய்வார்கள். கோட்டோரம் உட்கார்ந்திருக்கும் பையன்கள் அந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை.

அப்படி ஓர் அண்ணனை எனக்குத் தெரியும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, விடுமுறை நாளில் நடுவர். ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மைக்செட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் ரம்மி ஆடுவார். விட்டதைப் பிடிக்க மறுபடி பணம் கட்டுவார். சம்பளம் போனது, அண்ணியின் நகை அடகுக்குப் போனது. கேட்டால், "காசுக்காக இல்லடா தம்பி. பாடப் போறப்ப நெஞ்சு அடிச்சுக்குமே, அது இதுலதான் இருக்கு" என்பார்.

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு பீட் ரோஸ் ஞாபகம் வரும். அமெரிக்க பேஸ்பாலில் அவர் அடித்த 4,256 ஹிட்களை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் செல்லப்பிள்ளை, பிறகு அதே அணிக்கு மேலாளர். அந்த நாற்காலியில் இருந்துகொண்டே தன் அணி ஆட்டங்களின்மீது பந்தயம் கட்டினார். 1989 ஆகஸ்டில் நிரந்தரத் தடை விழுந்தது. கட்டவே இல்லை என்று சாதித்தவர், 2004-ல்தான் ஒப்புக்கொண்டார். தோற்கும் என்று ஒருநாளும் கட்டியதில்லை என்றார். அதை நான் சமாதானமாக ஏற்க மாட்டேன். கடன் கழுத்தை நெரிக்கும்போது யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று முடிவெடுக்கிறவரை எப்படி நம்புவது? 2024 செப்டம்பரில் இறந்தார். தடை நீங்கியது 2025 மே மாதம்.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாடு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவற்றுக்கு விலக்களித்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. நல்ல சட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் போன் ரம்மி நின்றதும் அண்ணன் தோப்புக்குள் நடக்கும் சீட்டாட்டத்துக்குப் போய்விட்டார்.

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சூதாட்ட வெறியை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முட்டி விலகினால் கட்டுப் போட ஆள் வைத்திருக்கும் கபடிக் குழுக்கள், ஆட்டத்தை விட்டவருக்கு விசிலையும் சால்வையையும் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது. பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிடுங்கள். கடன் இருக்கிறதா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.