ஆறாவது நிப்பிள்

"லேசா இடது பக்கம் இழுக்குது, வேற ஒண்ணுமில்ல கண்ணு."

அப்பா போனில் இப்படிச் சொன்னபோது நான் ஆபீஸில் ஏதோ ஒரு வீடியோவுக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த 'லேசா' பற்றித் தெரியும். விரல் நசுங்கினாலும் லேசாகத்தான் நசுங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரியே நாமக்கல் பஸ் ஏறிவிட்டேன்.

எங்கள் ஆறு சக்கர லாரி என்னைவிட இரண்டு வயது மூத்தது. மும்பை, குஜராத் என்று ஓடியதெல்லாம் பழைய கதை. இப்போது பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவன மூட்டை ஏற்றுவதோடு சரி. ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. நேரத்தில், "இதை வித்துத் தொலைச்சா என்ன?" என்று அம்மா கேட்பார். அப்பா உடனே பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

பட்டறையில் மெக்கானிக் மாமா முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். "மெயின் பட்டை போச்சுங்ணா."

ஸ்பிரிங் பட்டை என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. தாத்தா காலத்து வில்வண்டியில் இருந்ததுதான். வில்லாக வளைத்த பட்டைகளை, நீளமானது மேலேயும் குட்டையானது கீழேயுமாக அடுக்கி, யூ போல்ட் போட்டு ஆக்சிலோடு இறுக்கியிருப்பார்கள். மேலே இருக்கும் மெயின் பட்டையின் இரண்டு முனைகளும் வளையமாகச் சுருண்டிருக்கும். அதற்குப் பெயர் கண். கண்ணுக்குள் நுழையும் ஸ்பிரிங் பின்தான் பட்டையைச் சேஸிஸோடு பிடித்து வைக்கிறது. லோடு ஏறினால் வில் நிமிரும், நிமிர்ந்தால் நீளும். அதற்கு இடம் கொடுக்கத்தான் ஒரு முனையை மட்டும் ஷேக்கிள் என்கிற ஊஞ்சலில் தொங்க விடுகிறார்கள். வண்டி ஓடுகிறவரை இந்த பின்களுக்கு ஓய்வே கிடையாது.

சேஸிஸைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, யூ போல்ட்டுகளை எடுக்கிறவரை வேலை சுலபமாகத்தான் போனது. முன்பக்க பின்தான் அசைய மறுத்தது. சம்மட்டியால் அடித்தார்கள். கேஸ் வைத்துச் சூடாக்கி மறுபடி அடித்தார்கள். இரண்டு மணி நேரம். நான் மூன்று டீ குடித்துவிட்டேன்.

பட்டை வெளியே வந்தபோது இரண்டு துண்டாக வந்தது. உடைந்த இடத்தில் பாதி கறுத்துத் துருவேறியிருந்தது. மீதிப் பாதி பளபளவென்று இருந்தது. "கறுப்பு பழைய விரிசல். எத்தனை மாசமோ. பளபளப்பா இருக்கறது இப்ப விட்டது" என்றார் மாமா. உடைந்த பக்கம் ஆக்சில் பின்னால் நகர்ந்திருக்கிறது. அதுதான் அந்த 'லேசா'. இரண்டாவது பட்டை வளைந்து வந்து கண்ணைச் சுற்றிப் பிடித்திருந்ததால், சக்கரம் அதற்கு மேல் போகவில்லை.

அப்பா அதைக் கேட்காதவர்போல நின்றார்.

பிறகு மாமா அந்தப் பின்னை என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் முழுசாகத் தேய்ந்து, நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். பின்னுக்குள் கிரீஸ் போகிற துளையில் கம்பி விட்டுக் குத்தினார். காய்ந்த களிமண்போல உதிர்ந்தது.

எனக்கு அடிவயிறு கலங்கியது. கிரீஸ் அடிப்பது என் வேலை. பள்ளிக்கூட நாள்களில் ஞாயிறுதோறும் கிரீஸ் கன்னோடு லாரிக்கு அடியில் படுத்துவிடுவேன். முன் பட்டைகளுக்கு மட்டும் ஆறு நிப்பிள், பக்கத்துக்கு மூன்று. விளிம்பில் புது கிரீஸ் பிதுங்கி வருகிறவரை விடக் கூடாது. அப்பா வெளியே நின்று, "வருதா?" என்பார். "வருதுப்பா."

"யாருப்பா அடிச்சது இத்தனை நாளா?"

"நீ சென்னை போனப்புறம் கீழ படுத்து எந்திரிக்க முடியல கண்ணு. எட்டுனதுக்கு மட்டும் அடிச்சுட்டு விட்டுட்டேன்."

தோள்வலி என்று ஒருமுறைகூட போனில் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"உடைஞ்ச பக்கம் மட்டும் மாத்து, வலது பக்கம் நல்லாத்தான் இருக்குது" என்றார் அப்பா. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி சாய்ந்து நிற்கும் என்றார் மாமா. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "ரெண்டு பக்கமும் மாத்துங்க மாமா. பின், புஷ், யூ போல்ட் எல்லாமே புதுசு" என்றேன். காசு என்னுடையது என்பதால் அப்பாவால் பேச முடியவில்லை. அந்த மாச வாடகைக்குத் தோழியிடம் கடன் வாங்கியது தனிக்கதை.

பழைய பட்டையைக் கேட்டு ஒரு கொல்லர் வந்தார். அரிவாளுக்கு இதைவிட நல்ல இரும்பு கிடைக்காதாம். அப்பா கொடுக்கவில்லை. வீட்டு வாசலில் சாத்தி வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால் பேப்பரைப் பிரிக்கிறார்.

நாலு லோடு அடித்த பிறகு யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். அதைச் செய்துவிட்டார்கள். கிரீஸுக்கு ஞாயிறுதோறும் பட்டறைப் பையன் வருகிறான். ஒவ்வொரு பின்னின் விளிம்பிலும் கிரீஸ் பிதுங்குவதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம்.

நேற்று ஐந்து வீடியோதான் வந்தது. ஆறாவது எங்கே என்று மெசேஜ் போட்டிருக்கிறேன்.